உப்பு, வெல்லம், அரை சேர் தண்ணீர்

வளரும் நாடுகளில் சுகாதாரக் கல்வி என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது: மக்களுக்கு விஷயம் தெரியாது, தெரியவைத்துவிட்டால் அதன்படி நடந்துகொள்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் படம், பள்ளி மைதானத்தில் எடுக்கும் உறுதிமொழி, ஏதோ ஒரு உலக நாளன்று பதாகை பிடித்துப் போகும் பேரணி எல்லாம் இதிலிருந்து பிறந்தவைதான். சொல்லியும் மக்கள் மாறாவிட்டால் அறியாமை, மூடநம்பிக்கை, அலட்சியம் என்று காரணம் தயாராக இருக்கிறது. சொன்னவர் சரியாகச் சொன்னாரா, அவருக்கே அதில் நம்பிக்கை இருந்ததா, கேட்டவரின் வீட்டில் அது நடக்கக்கூடியதா என்று யாரும் விசாரிப்பதில்லை. தோற்றுப்போன வகுப்பில் மாணவரை மட்டும் குறை சொல்லும் பள்ளியைப் போன்றது இது. சுகாதாரக் கல்வியில் முதலில் தேர்வு எழுத வேண்டியவர் கற்பிப்பவர். சமூகப் பங்கேற்பு என்பது அந்தத் தேர்வின் வினாத்தாளை மக்கள் கையில் கொடுப்பது. இதை ஒரு கொள்கை முழக்கமாகச் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயமாகவே சொல்ல முடியும், அதற்கான மிகச் சிறந்த சாட்சி வங்கதேசத்தில் இருக்கிறது.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். காலராவோ வேறு கடும் வயிற்றுப்போக்கோ ஒரு குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் கிருமியின் நேரடித் தாக்குதலால் அல்ல. உடம்பிலுள்ள நீரும் உப்பும் மணிக்கணக்கில் வடிந்துபோவதால்தான் உயிர் போகிறது. இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் பிழைக்கும் என்பது வெகுநாளாகத் தெரிந்திருந்தும், கொடுக்கும் வழி நரம்பில் ஏற்றும் ஊசி ஒன்றுதான் என்று மருத்துவம் நம்பியிருந்தது. வெறும் உப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தால் குடல் அதை உறிஞ்சாமல் வெளியே தள்ளிவிடும். 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்: குடலின் உட்சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்தே உள்ளே நுழைகின்றன. அவை போகும் இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலராவின் நச்சு குடலை நீரைக் கொட்டவைக்கிறதே தவிர இந்த வாசலை அடைப்பதில்லை. ஆகவே உப்போடு சர்க்கரையும் சேர்த்தால், கொட்டிக்கொண்டிருக்கும் அதே குடல் தண்ணீரை உறிஞ்சவும் செய்யும். 1968-இல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் நோயாளிகளிடம் இதைச் சோதித்து மெய்ப்பித்தார்கள். மூன்றே ஆண்டுகளில் அதற்கு ஒரு கொடிய தேர்வு வந்தது. 1971 வங்கதேச விடுதலைப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியபோது, மேற்கு வங்கத்தின் போங்காவில் ஊசி மருந்துக் குப்பிகள் தீர்ந்துகொண்டிருந்தன. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பு-குளுக்கோஸ் கரைசலைப் பெரிய பீப்பாய்களில் கலந்து வைத்தார். நோயாளியின் தாயோ சகோதரனோ குவளையில் பிடித்து ஊட்டினார்கள். முப்பது விழுக்காட்டை நெருங்கியிருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. அங்கே சிகிச்சை செய்தவர்கள் பெரும்பாலும் மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லாத உறவினர்கள் என்பதை மருத்துவ உலகம் உடனே ஏற்கவில்லை. 1978-இல் லான்செட் இதழ் இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்று தலையங்கம் எழுதும் வரை தயக்கம் நீடித்தது.

கண்டுபிடிப்பு முடிந்தது, ஆனால் கிராமத்துக்கு அது போய்ச் சேரவில்லை. சாலையில்லாத, மழைக்காலத்தில் தீவுகளாகப் பிரிந்துபோகும் வங்கதேச ஊர்களுக்குக் கரைசல் பொடிப் பாக்கெட் கொண்டுபோக அரசிடம் வழியில்லை. 1972-இல் பாசலே ஹசன் ஆபேத் தொடங்கிய பிராக் அமைப்பு வேறொரு முடிவுக்கு வந்தது: பாக்கெட் வேண்டாம், வீட்டிலேயே இருப்பதைக் கொண்டு தாயே கலக்கட்டும். மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். வெல்லத்தில் சர்க்கரை மட்டுமின்றி, வயிற்றுப்போக்கில் உடல் இழக்கும் பொட்டாசியமும் கொஞ்சம் உண்டு என்பது கூடுதல் லாபம். ஆனால் இந்த எளிமைக்குள் ஆபத்தும் இருந்தது. உப்பு கூடினால் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஏறி மூளையைப் பாதிக்கும். இனிப்பு மிகையானால் வயிற்றுப்போக்கே அதிகமாகும். எழுத்தறியாத தாயிடம் இந்த விகிதாசாரத்தை ஒப்படைப்பதா என்று நிபுணர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிராக் அந்தக் கேள்விக்கு வாதத்தால் பதில் சொல்லவில்லை. 1979-இல் சுல்லா பகுதியில் சோதனையாகத் தொடங்கி, 1980 முதல் 1990 வரை வீடுவீடாகப் போய் சுமார் 1.2 கோடி குடும்பங்களுக்குக் கற்பித்தது. பயிற்சி பெற்ற இளம்பெண்கள் குழுக்களாக ஊர் ஊராக நடந்தார்கள். கூட்டம் கூட்டிப் பேசவில்லை. ஒவ்வொரு தாயாகப் போய் உட்கார்ந்தார்கள். அரை சேர் அளவுள்ள பாத்திரத்தைக் கொண்டுபோய், அந்த வீட்டில் தினமும் புழங்கும் பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி, எந்த மட்டம் வரை வந்ததோ அங்கே அடையாளம் போட்டார்கள். ஊழியை கலக்கிக் காட்டினால் போதாது, தாயே கலக்க வேண்டும். தாய்மார் கலக்கியதிலிருந்து மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போய் உப்பளவு சோதிக்கப்பட்டது.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது சம்பள முறை. ஊழியை எத்தனை வீடு போனார் என்பதை வைத்து அவருக்குப் பணம் கொடுக்கவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொரு கண்காணிப்பாளர் அந்த வீடுகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் போவார். சொல்லிக்கொடுத்த குறிப்புகளில் எத்தனை நினைவிருக்கிறது, கரைசலைச் சரியாகக் கலக்க வருகிறதா என்று தாயிடம் பார்ப்பார். தாயின் மதிப்பெண் ஊழியையின் கூலியைத் தீர்மானித்தது. எல்லாம் நினைவிருந்தால் முழுத்தொகை, பாதி மறந்திருந்தால் தொகையும் குறையும், எதுவும் தெரியாவிட்டால் கூலியும் இல்லை. கேட்க இது கொஞ்சம் கொடுமையாகத்தான் இருக்கிறது. மறதிக்காரத் தாய் அமைந்த ஊழியைக்கு நட்டம். ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். தாய் புரிந்துகொள்ளாவிட்டால் அது தன் குறை என்று ஊழியை நினைக்க வேண்டிய கட்டாயம் வந்தது. வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதில் பயனில்லாமல் போயிற்று. கற்பிக்க வேண்டிய குறிப்புகள் பத்து இருந்தால் தாய்க்குக் குழப்பம் என்று தெரிந்தபோது, தாயைக் கடிந்துகொள்வதற்குப் பதில் குறிப்புகளைக் குறைத்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் திட்டம் ஒரு சுவரில் முட்டியது. தாய்மாருக்குச் செய்முறை மனப்பாடமாகத் தெரிந்தது, மாதிரிகள் சரியாக இருந்தன, ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கரைசலைக் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. சுவரொட்டி மனநிலையில் இருந்திருந்தால் இந்த இடத்தில் இன்னும் பெரிய சுவரொட்டி அடித்திருப்பார்கள். பிராக் மானிடவியலாளர்களை அனுப்பிக் காரணம் தேடச் சொன்னது. கிடைத்த விடைகளில் மூன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒன்று, ஊழியைகளுக்கே இதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அவர்கள் மாத்திரை வாங்கினார்கள். அவர்களை டாக்கா ஆய்வு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், கண்கள் குழிந்து கிடந்த நோயாளி கரைசல் குடித்துச் சில மணி நேரத்தில் எழுந்து உட்காருவதைக் காட்டிய பிறகுதான் அவர்கள் பேச்சில் உறுதி வந்தது. அதன் பிறகு தாயின் முன்னால் தாங்களே ஒரு வாய் குடித்துக் காட்டத் தொடங்கினார்கள். இரண்டாவது, ஆண்கள். தங்களை ஒதுக்கிவிட்டுத் தங்கள் வீட்டுப் பெண்களிடம் வெளியாட்கள் என்னவோ பேசிவிட்டுப் போகிறார்கள் என்ற எரிச்சல் கணவன்மாருக்கு இருந்தது. சந்தையிலும் பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் ஆண்களோடு தனியாகப் பேச ஏற்பாடு செய்ததும் எதிர்ப்பு தணிந்தது. மூன்றாவது விடையே மிக ஆழமானது. ஊழியைகள் ‘டயரியா’ வந்தால் கொடுங்கள் என்று சொல்லிவந்தார்கள். கிராமத்துப் பெண்களுக்கோ வயிற்றுப்போக்கு நான்கு வகை: பால்குடிக் குழந்தைக்கு வருவது, அஜீரணத்தால் வருவது, சளியும் சீதமுமாகப் போவது, தண்ணீராய்க் கொட்டி ஆளையே சாய்ப்பது. கடைசி வகைக்கு மட்டும்தான் அவர்கள் ‘டயரியா’ என்ற பெயரை வைத்திருந்தார்கள். ஆகவே சொன்னபடியே, மிகக் கடுமையாக வந்தபோது மட்டும் கரைசலைக் கொடுத்தார்கள். கணக்கெடுத்தவரின் தாளில் பயன்படுத்தாதவர் என்று பதிவான தாய், உண்மையில் பாடத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர். பாடம் திருத்தப்பட்டது, நான்கு வகைகளையும் பெயர் சொல்லிக் கற்பித்தார்கள், பயன்பாடு ஏறியது. இன்று வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் பெரும்பான்மையோருக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கிடைக்கிறது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. கைப்பிடி வெல்லத்தின் இடத்தைப் பாக்கெட் பிடித்துக்கொண்டது என்பது வேறு கதை. அந்தப் பாக்கெட்டைக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கத்தை உண்டாக்கியது அந்தப் பத்தாண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஓ.ஆர்.எஸ். எனப்படும் இந்தக் கரைசலைப் பெற்ற குழந்தைகளின் விகிதம் இந்தியாவில் 60.6 விழுக்காடுதான். பாக்கெட் தயாரிப்பதிலும் மருந்துக்கடைகளின் எண்ணிக்கையிலும் நாம் வங்கதேசத்தைவிடப் பின்தங்கியவர்கள் அல்லவே.

இங்கே ஒரு புள்ளியியல்காரர் குறுக்கிடுவார், குறுக்கிடவும் வேண்டும். வங்கதேசத்தில் 1990-இல் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 140-க்கு மேல் ஐந்து வயதுக்குள் இறந்தன. இப்போது அது முப்பதை ஒட்டி இருக்கிறது. ஆனால் அதே காலத்தில் தட்டம்மைத் தடுப்பூசி பரவியது, வைட்டமின் ஏ கொடுக்கப்பட்டது, ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன, பெண்கள் பள்ளிக்குப் போனார்கள், பிள்ளைப்பேறு குறைந்தது, சோறும் கொஞ்சம் கூடியது. இதில் உப்பு-வெல்லத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்தத் தராசும் இல்லை. இந்த மறுப்பு சரியானது. அதனால்தான் வங்கதேசத்து இறப்பு விகிதத்தை என் வாதத்தின் தூணாக நான் நிறுத்தவில்லை. அந்தத் திட்டம் நிரூபித்தது, எழுத்தறியாத பல லட்சம் பெண்கள் மருத்துவ நுட்பம் ஒன்றைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்பதையும், செய்யாமல் போனதற்கான காரணம் பெரும்பாலும் கற்பித்த பக்கத்தில் இருந்தது என்பதையும்தான். சமூகப் பங்கேற்பு உயிரைக் காக்கிறதா என்ற கேள்விக்கு வேறு சான்று வேண்டும். சில கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குத் திட்டத்தைக் கொடுத்து, மறுபாதியோடு ஒப்பிடும் ஆய்வுகள் அதற்கு இருக்கின்றன.

முதல் பெரிய ஆய்வு நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் நடந்தது, முடிவு 2004-இல் வெளிவந்தது. உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதம் ஒருமுறை பெண்களைக் கூட்டி, பேறுகாலத்தில் தங்கள் ஊரில் என்னென்ன இடர்கள் வருகின்றன, அவற்றுக்குத் தாங்களே என்ன செய்யலாம் என்று பேசவைத்தார். அவர் விரிவுரை ஆற்றவில்லை. குழுக்கள் கூடிய பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 30 விழுக்காடு குறைவாக இருந்தது. அடுத்து ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஆதிவாசிகள் பெருமளவில் வாழும் மூன்று மாவட்டங்களில் ஏக்ஜுட் என்ற அமைப்பு இதையே செய்தது. படச்சீட்டுகள், விளையாட்டு, கதை என்று இருபது கூட்டங்கள் கொண்ட ஒரு சுற்று. எது முதலில் தீர்க்க வேண்டிய பிரச்சினை என்பதைப் பெண்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2010-இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, மூன்று ஆண்டுகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 32 விழுக்காடு குறைவு, கடைசி இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்தால் 45 விழுக்காடு. இதில் ஆய்வாளர்களையே யோசிக்கவைத்த ஒன்று உண்டு. மருத்துவமனைக்குப் போவோர் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை. மாறியது வீட்டுக்குள்: பேறு பார்ப்பவர் கை கழுவினார், தொப்புள்கொடி கட்டும் நூலைக் கொதிக்கவைத்தார்கள், தாய்ப்பால் மட்டும் கொடுப்பது கூடியது. மூன்றாம் ஆண்டில் தாய்மாரிடையே மிதமான மனச்சோர்வு 57 விழுக்காடு குறைந்திருந்தது. மனச்சோர்வைப் பற்றி அந்தத் திட்டம் எதுவும் கற்பிக்கவில்லை. சேர்ந்து உட்கார்ந்து ஒரு துன்பத்தைப் பேசித் தீர்வு தேடுவதே மருந்தாக வேலை செய்திருக்கலாம். அப்படித்தான் நான் ஊகிக்கிறேன்.

அதே 2010-இல், அதே லான்செட் இதழில், வங்கதேசத்து ஆய்வு ஒன்று இதற்கு நேர்மாறாக வந்தது. பெண்கள் குழுக்கள் அமைத்தும் இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. பங்கேற்பு என்பதே வெறும் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு இது கையில் கிடைத்த கோல். ஆனால் கணக்கை நெருங்கிப் பார்த்தால் கதை மாறுகிறது. ஜார்க்கண்ட்-ஒடிசாவில் 468 பேருக்கு ஒரு குழு. வங்கதேசத்தில் 1,414 பேருக்கு ஒன்று. ஊரிலுள்ள கர்ப்பிணிகளில் வெகுசிலரே கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். ஆய்வாளர்கள் நேர்மையானவர்கள், தோல்வியை மூடிவைக்காமல், அதே வங்கதேச மாவட்டங்களில் 309 பேருக்கு ஒரு குழு என்று நெருக்கி மறுபடி செய்தார்கள். 2013-இல் வந்த விடை: பச்சிளங்குழந்தை இறப்பு 38 விழுக்காடு குறைவு. அதே ஆண்டில் நான்கு நாடுகளின் ஏழு ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, கர்ப்பிணிகளில் குறைந்தது 30 விழுக்காட்டினர் கூட்டத்துக்கு வந்த இடங்களில் தாய் இறப்பு பாதிக்குப் பாதியும், பச்சிளங்குழந்தை இறப்பு மூன்றில் ஒன்றும் குறைந்திருந்தது தெரியவந்தது. அதாவது சமூகப் பங்கேற்புக்கும் மருந்தைப் போல அளவு உண்டு. கால் மாத்திரை கொடுத்துவிட்டுக் காய்ச்சல் இறங்கவில்லை என்று மருந்தைப் பழிக்க முடியாது. நம் ஊர்களில் வருடத்துக்கு ஒரு முகாம், இரண்டு கூட்டம், ஒரு செல்ஃபி என்று நடப்பவை எந்த அளவில் சேரும் என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு மறுப்பு அரசியல் சார்ந்தது, எளிதில் தள்ளிவிட முடியாதது. சமூகப் பங்கேற்பு என்பது அரசு தன் வேலையை ஏழைகள் தலையில் கட்டுவதற்கான நல்ல பெயர். மருத்துவர் இல்லாத ஊரில் மருத்துவரைக் கேட்காமல் கை கழுவக் கற்றுக்கொள் என்கிறார்கள். 1978-இல் அல்மா-அட்டா பிரகடனம், மருத்துவத்தைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையும் என்று சொன்னது. பல அரசுகள் கடமையை மட்டும் எடுத்துக்கொண்டு திட்டமிடும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டன என்பது உண்மை. கடும் காலராவில் குடிக்கவே முடியாமல் மயங்கிய குழந்தைக்கு எந்தச் சிட்டிகை உப்பும் உதவாது, ஊசியும் மருத்துவரும் வேண்டும். ஆனால் இந்த மறுப்பு பங்கேற்பைக் கைவிடச் சொல்லும் காரணமாகாது. மக்வான்பூரில் ஆய்வு நடத்தியவர்கள் ஒப்பீட்டுக் கிராமங்கள் உட்பட எல்லாப் பகுதிகளிலும் சுகாதார நிலையங்களுக்குக் கருவியும் பயிற்சியும் கொடுத்தார்கள். அதன் மேல்தான் குழுக்களின் பயன் அளக்கப்பட்டது. மேலும், விஷயம் தெரிந்த மக்கள்தான் மருத்துவரைத் தட்டிக் கேட்கவும் செய்வார்கள்.

இதற்கு மிகத் துல்லியமான சான்று அண்மையில் இந்தியாவிலிருந்தே வந்தது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டும் என்று நம் தனியார் மருத்துவர்களுக்கும் வைத்தியம் பார்ப்பவர்களுக்கும் தெரியும். இருந்தும் பலர் ஆன்டிபயாடிக்கை எழுதிக்கொடுக்கிறார்கள். ஏன் என்று கர்நாடகத்திலும் பீகாரிலுமாக 253 ஊர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், குழந்தையின் தந்தையாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை அனுப்பிச் சோதித்தார்கள். 2024-இல் சயின்ஸ் இதழில் முடிவு வெளிவந்தது. ஓ.ஆர்.எஸ். கையிருப்பில் இல்லாதது காரணத்தில் 6 விழுக்காடு, மற்ற மருந்தில் கிடைக்கும் லாபம் 5 விழுக்காடு. நோயாளிக்கு ஓ.ஆர்.எஸ். பிடிக்காது என்று மருத்துவர் தாமாக நினைத்துக்கொண்டது 42 விழுக்காடு. வந்தவர் போன தடவை ஓ.ஆர்.எஸ். கொடுத்தோம், அது போதுமா என்பதுபோல் விருப்பத்தைக் காட்டியபோது, அதைப் பரிந்துரைப்பது 28-இலிருந்து 55 விழுக்காட்டுக்குத் தாவியது. மக்களுக்கு அறிவில்லை என்று நாம் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறோம். இங்கே அறியாமை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது, அதுவும் மருத்துவத்தைப் பற்றி அல்ல, எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றி. பெற்றோருக்கு நடத்தும் பாடம் மருத்துவரின் சீட்டை மாற்றும் வழியும் ஆகிறது. அதைவிட மலிவான மருத்துவர் பயிற்சி இருக்குமா என்று தெரியவில்லை.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு நம் கிராமச் சுகாதார ஊழியர்களான ஆஷாக்களின் திட்டத்தைப் பார்த்தால் ஒரு குறை பளிச்சென்று தெரிகிறது. பல மாநிலங்களில் ஏக்ஜுட் முறைக் கூட்டங்களை ஆஷாக்கள் வழியாக நடத்தத் தேசிய சுகாதார இயக்கம் ஏற்பாடு செய்தது, அது நல்ல முடிவு. ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் காரியத்துக்கு இவ்வளவு என்ற ஊக்கத்தொகை. பிறந்த குழந்தையை நாற்பத்திரண்டு நாள் வரை குறித்த நாட்களில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் 250 ரூபாய். அதற்கான நிபந்தனைகள் எடை பதிவு, பிறப்புப் பதிவு, தடுப்பூசி, தாயும் சேயும் நலமாக இருப்பது. எல்லாம் தேவையானவையே. குழந்தை பால் குடிக்க மறுத்தால், உடம்பு சில்லிட்டால், மூச்சு வேகமானால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் தாய்க்கு இப்போது தெரியுமா என்று கேட்கும் கட்டம் மட்டும் அந்தப் படிவத்தில் இல்லை. வங்கதேசத்துக் கண்காணிப்பாளர் வயிற்றுப்போக்கைப் பற்றி 1980-களிலேயே கேட்ட அதே வகைக் கேள்வி அது. அதைச் சேர்ப்பதானால் கூலியை வெட்டும் தண்டனையாகச் சேர்க்கக் கூடாது, ஏனெனில் ஆஷாக்களின் வருமானம் ஏற்கெனவே மெலிந்தது. தாய்க்குத் தெரிந்திருந்தால் மேல்தொகை என்று சேர்க்கலாம். தெரியாதவர்கள் அதிகமுள்ள ஊரில், குறிப்புகளைச் சுருக்குவதா, படத்தை மாற்றுவதா, மாமியாரையும் கூட்டத்துக்கு அழைப்பதா என்பதை மாவட்ட அலுவலகம் முடிவு செய்யட்டும்.